'ஸ்விட்ச் இட் ஆஃப்' சரி என்றால் 'லுக் இட் அட்' ஏன் சரியில்லை?

குடமுருட்டிக்கரை (வலங்கைமான்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வலங்கைமான் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அரிசியில் கறுப்பும் பழுப்பும் பிரித்துத் தள்ளுகிற கலர் சார்ட்டர் மெஷின் எங்களிடம் இருக்கிறது. அதைக் கவனிக்கும் சர்வீஸ் இன்ஜினியர் வெளிமாநிலத்தில் இருக்கிறார். எதுவானாலும் வாட்ஸப்பில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். அதைப் படித்து ஆபரேட்டர் அண்ணனிடம் தமிழில் சொல்வதும், அண்ணன் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதும் என் வேலை.

அவர் எழுதுவது புரிகிறது. புரியாதது ஒன்றே ஒன்றுதான். ஒரு வரியில் 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்று எழுதுகிறார், 'இட்' நடுவில் வருகிறது. அடுத்த வரியிலேயே 'லுக் அட் இட்' என்கிறார், 'இட்' கடைசியில். ஒரு நாள் 'டேக் அவுட் தி ட்ரே'. இன்னொரு நாள் அதே ட்ரேக்கு 'டேக் தி ட்ரே அவுட்'. ஆனால் 'டேக் அவுட் இட்' என்று மட்டும் எழுதவே மாட்டார். பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன், ஓர் இடத்தில்கூட இல்லை.

பள்ளியில் ஃப்ரேசல் வெர்ப் என்றால் ஒரு நீளப் பட்டியல் தருவார்கள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, கிவ் அப் என்றால் கைவிடு என்று மனப்பாடம் செய்வோம். செயப்படுபொருள் எங்கே நிற்க வேண்டும் என்று அந்தப் பட்டியலில் இருக்காது. இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்வதுதான் வழியா? சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் ஆலையில் பேசவே நேரம் இருக்காது. அதற்குள் தெரிந்துகொள்ள ஆசை.

---

தாளடி (பாபநாசம்) எழுதியது:

விதி உண்டு சிஸ்டர். 'இட்', 'தெம்', 'ஹிம்' மாதிரி ப்ரோநவுன் வந்தால் நடுவில் போடணும். பெயர்ச்சொல் வந்தால் நடுவிலும் போடலாம், கடைசியிலும் போடலாம். பேங்க் எக்ஸாம் கோச்சிங்கில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

---

ஐயாறு டீச்சர் (திருவையாறு) எழுதியது:

தாளடி தம்பி சொன்னது பாதி விதி. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் 'லுக் இட் அட்', 'வெயிட் இட் ஃபார்' என்றெல்லாம் எழுத வேண்டி வரும். குடமுருட்டிக்கரை அம்மா கேட்பதே மறுபாதியைத்தான்.

நான் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தப் பாடத்தைப் பட்டியலாக நடத்துவதில் எனக்கு என்றைக்குமே உடன்பாடு இல்லை. பொருளை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்குச் சொல் தெரியும், வாக்கியம் வராது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் 'மோட்டாரை' என்று சொன்னவுடனே அந்த 'ஐ' எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 'அப்பா மோட்டாரை நிறுத்தினார்' என்றாலும் 'மோட்டாரை அப்பா நிறுத்தினார்' என்றாலும் நிறுத்தியவர் அப்பாதான், நின்றது மோட்டார்தான். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இப்படி ஓர் உருபு கிடையாது. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது என்ன வேலை செய்கிறது என்று தெரியும். இடத்தைப் பற்றி ஆங்கிலம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். 'ஸ்விட்ச் ஆஃப் தி மெஷின்' என்பதில் அந்த 'ஆஃப்' யாரோடு சேர்ந்தது? 'ஸ்விட்ச்' என்ற வினையோடு. இரண்டும் சேர்ந்துதான் 'நிறுத்து' என்ற ஒரே வேலையைச் செய்கின்றன. 'லுக் அட் தி ட்ரே' என்பதில் 'அட்' யாரோடு சேர்ந்தது? ட்ரேயோடு. 'ட்ரேயை' என்பதில் உள்ள உருபு மாதிரி அது பெயரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுடையது முன்னால் நிற்கும். உருபையும் பெயரையும் பிரித்துப் பெயரை முன்னால் தூக்கி வைக்க முடியாது. அதனால் 'லுக் அட் இட்' மட்டும்தான், 'லுக் இட் அட்' கிடையவே கிடையாது. 'வெயிட் ஃபார் தி லாரி', 'வெயிட் ஃபார் இட்'. 'லுக் ஆஃப்டர் தி சீட்லிங்ஸ்', 'லுக் ஆஃப்டர் தெம்'. 'டிபெண்ட் ஆன் தி காவேரி', 'டிபெண்ட் ஆன் இட்'. இவை எல்லாம் ஒரு கூட்டம்.

'ஸ்விட்ச் ஆஃப்', 'டேக் அவுட்', 'பிக் அப்', 'த்ரோ அவே', 'கிவ் பேக்', 'ரைட் டவுன்' எல்லாம் இன்னொரு கூட்டம். தாளடி தம்பியின் விதி இந்தக் கூட்டத்துக்கு மட்டும் பொருந்தும்.

எது எந்தக் கூட்டம் என்று சந்தேகம் வந்தால் வினைக்கும் சின்னச் சொல்லுக்கும் நடுவில் 'கேர்ஃபுல்லி' மாதிரி ஒரு சொல்லை நுழைத்துப் பாருங்கள். 'லுக் கேர்ஃபுல்லி அட் தி ட்ரே' இயல்பாக இருக்கிறது. 'ஸ்விட்ச் கேர்ஃபுல்லி ஆஃப் தி மெஷின்' வாயிலேயே நுழையாது. இது ஒரு சோதனை. ஆனால் நான் இதைவிட நம்புவது காதை. 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஆஃப்' மேல் அழுத்தம் விழும், 'இட்' கரைந்துபோய் 'ஸ்விச்சிட்டாஃப்' என்று கேட்கும். 'லுக் அட் இட்' சொல்லுங்கள். அழுத்தம் 'லுக்' மேல், 'அட்' இருக்கிற இடமே தெரியாது.

நம் ஊர்க் காதுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தில் ஒரு வரி படிக்காதவர்கூட 'மோட்டாரை ஆஃப் பண்ணு', 'லைட்டை ஆன் பண்ணு' என்கிறார். 'ஸ்விட்ச்' என்ற வினையை விட்டுவிட்டு 'ஆஃப்'பை எடுத்து 'பண்ணு' சேர்த்துக்கொண்டோம். கனம் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதைத்தான் எடுத்திருக்கிறோம். 'லாரியை ஃபார் பண்ணு' என்று ஒருவரும் சொன்னதில்லை.

இனி 'டேக் அவுட் தி ட்ரே', 'டேக் தி ட்ரே அவுட்' இரண்டும் எப்படிச் சரி என்ற கேள்வி. ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் புதுச் செய்திக்கும் கனமான சொல்லுக்கும் உரியது. ட்ரே என்று பெயர் சொன்னால் அதற்குக் கொஞ்சம் கனம் உண்டு, கடைசியில் நிற்கத் தகுதி உண்டு. இல்லை, ட்ரே பற்றித்தான் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறோம், வெளியே எடுப்பதுதான் முக்கியம் என்றால் 'அவுட்' கடைசிக்குப் போகும். 'இட்' என்பதோ ஏற்கெனவே சொன்ன பொருளைச் சும்மா சுட்டுகிற சொல், கனமே இல்லை. அதைக் கடைசியில் விட்டால் வாக்கியம் இறங்க இடமில்லாமல் நின்றுவிடும். அதனால் 'இட்' நடுவே போய்விடுகிறது, 'அவுட்' கடைசியில் ஓங்கி நிற்கிறது. உங்கள் இன்ஜினியர் ஒரு தடவைகூட 'டேக் அவுட் இட்' எழுதாததற்கு இதுதான் காரணம். பழைய செய்திகளைத் தேடிப் பார்த்து நீங்கள் அதைக் கவனித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதே நியாயத்தை மறுபக்கமும் பிடித்துப் பாருங்கள். செயப்படுபொருள் ரொம்ப நீளமாக இருந்தால்? கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்து வைத்திருக்கும்போது ராத்திரி மழை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'த்ரோ அவே தி சாக்ஸ் தட் காட் வெட் இன் லாஸ்ட் நைட்ஸ் ரெய்ன்' என்று எழுதினால் நன்றாக இருக்கும். அந்த 'அவே'யைக் கடைசிக்குக் கொண்டுபோனால் படிப்பவர் 'த்ரோ' என்ற இடத்தில் பிடித்த மூச்சை 'அவே' வரும்வரை விட முடியாது. இலக்கணப்படி பெரிய குற்றம் இல்லை, ஆனால் எழுதத் தெரிந்தவர் அப்படி எழுத மாட்டார். 'இட்' நடுவில், ஒன்றிரண்டு சொல் என்றால் உங்கள் விருப்பம், நீளமானால் கடைசியில்.

சின்னச் சொல் இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் டீசல்', 'புட் அப் வித் தி நாய்ஸ்', 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்'. இந்த மாதிரியில் செயப்படுபொருள் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வரும். 'ரன் அவுட் ஆஃப் இட்', 'புட் அப் வித் இட்'. கடைசிச் சொல் ப்ரெப்பொசிஷன், அதாவது 'லுக் அட்'டில் உள்ள 'அட்' மாதிரி பெயருக்கு முன்னால் நிற்கும் சொல், அது தன் பெயரை விடாது.

செயப்படுபொருளே கேட்காதவையும் இருக்கின்றன. 'தி மெஷின் ப்ரோக் டவுன்' என்றால் அதோடு முடிந்தது. ஐப்பசியில் பேப்பரைத் திறந்தால் வடகிழக்குப் பருவமழை 'செட் இன்' ஆகிவிட்டது என்று எழுதியிருப்பார்கள், அதிலும் செயப்படுபொருளுக்கு வேலை இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்டபோது, அன்னிய மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் இந்த வகைச் சொற்களால்தான் என்று முன்னுரையிலேயே எழுதினார். அவர் அங்கே தந்த எடுத்துக்காட்டுகளில் 'செட் இன்'னும் ஒன்று. படிக்கிற பிள்ளைகளுக்கு இதைத் தவறாமல் சொல்வேன். உனக்கு வராதது உன் மந்தத்தால் இல்லை, அந்த மொழியின் பெரிய பண்டிதரே கஷ்டம் என்று ஒத்துக்கொண்ட இடம் இது என்று.

அர்த்தத்தைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. 'கிவ்', 'அப்' இரண்டும் தெரிந்தாலும் 'கிவ் அப்' தெரியாது என்று குறைப்படுவார்கள். நம் 'கண்டுபிடி' மட்டும் என்னவாம்? காண்பதும் பிடிப்பதும் தெரிந்தால் போதுமா? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 'கண்டுபிடி' நடுவில் நாம் யாரையும் விட மாட்டோம். 'அவனைக் கண்டுபிடி' வேறு, 'கண்டு அவனைப் பிடி' வேறு. ஆங்கிலம் நடுவில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் 'டேக் அவுட் இட்' என்று எழுத நினைப்பது சோம்பலால் இல்லை, நம் மொழி கூட்டுவினையை உடைக்க விடாது என்பதால்தான்.

வகுப்பில் நான் செய்த காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். நோட்டில் 'லுக் ஆஃப்டர் - பராமரி' என்று எழுத விட மாட்டேன். 'லுக் ஆஃப்டர் இட்' என்று எழுதச் சொல்வேன். 'புட் ஆஃப்' என்று எழுதக் கூடாது, 'புட் இட் ஆஃப்' என்றே எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் 'இட்' சேர்த்தே படித்தால் பொருளும் வரும், இடமும் வரும், கூடவே ஓசையும் வரும். விதி மறந்தாலும் வாய் மறக்காது.

உங்கள் வலங்கைமானில் 1869-இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, ஆங்கிலப் பேச்சுக்காகவே 'வெள்ளி நாக்கு' என்று பேர் வாங்கியவர் சீனிவாச சாஸ்திரியார். அந்த மொழி பேசும் நாடுகளுக்கே போய் அதில் பேசிக் கைதட்டு வாங்கியவர். அந்த ஊர்ப் பெண் இவ்வளவு கூர்மையாகக் கேட்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

---

பாமணி ஆறு (மன்னார்குடி, இப்போது சிங்கப்பூர்) எழுதியது:

டீச்சர், அருமை. நான் இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறேன். காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்துப் பாதுகாப்பு பற்றிச் சொல்வார்கள். ஹெல்மெட்டுக்கு 'டோன்ட் டேக் இட் ஆஃப்' என்கிறார் சூப்பர்வைசர். சாரத்தில் யாராவது தேவையில்லாமல் ஏறி நின்றால் 'கெட் ஆஃப் இட்' என்று கத்துகிறார். இரண்டிலும் அதே 'ஆஃப்'தானே? ஒன்றில் 'இட்' முன்னால், ஒன்றில் பின்னால். சின்னச் சொல்லைப் பார்த்து எந்தக் கூட்டம் என்று சொல்ல முடியாது போலிருக்கிறதே?

---

ஐயாறு டீச்சர் எழுதியது:

முடியாது தம்பி, சரியான இடத்தில் பிடித்தீர்கள். சின்னச் சொல்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதே 'ஆஃப்' ஒரு வாக்கியத்தில் வினையோடு சேரும், இன்னொன்றில் பெயரோடு சேரும்.

வேலை முடிந்தபின் எது 'ஆஃப்' ஆகிறது என்று பாருங்கள். 'டேக் இட் ஆஃப்' என்றால் ஹெல்மெட் தலையிலிருந்து கழன்று வருகிறது. 'தி ஹெல்மெட் இஸ் ஆஃப்' என்று சொல்லலாம். 'கெட் ஆஃப் இட்' என்றால் சாரம் எங்கேயும் போகவில்லை, நீங்கள்தான் இறங்கி வருகிறீர்கள். சாரம் 'ஆஃப்' ஆகவில்லை. அதே கணக்குதான் எல்லாவற்றுக்கும். 'ஸ்விட்ச் இட் ஆஃப்', மெஷின் ஆஃப் ஆகிவிட்டது. 'டேக் இட் அவுட்', ட்ரே வெளியே வந்துவிட்டது. பெல்ட்டை மாட்டச் சொன்னால் 'புட் இட் ஆன்', பெல்ட் இப்போது உடம்பில் இருக்கிறது. லாரியில் ஏறச் சொன்னால் 'கெட் ஆன் இட்', லாரி யார் மேலும் ஏறவில்லை.

இன்னும் ஒன்று. 'கெட் இட் ஆஃப்' என்றும் ஒரு வாக்கியம் உண்டு. பெயின்ட் டப்பா மூடி இறுகிக்கொண்டது, அதைக் கழற்று என்று சொல்ல அது. 'கெட் ஆஃப் இட்' என்றால் அதன் மேலிருந்து இறங்கு. சொற்கள் அதே மூன்று, 'இட்' இடம் மாறியதும் கட்டளையே மாறிவிட்டது. உயரத்தில் வேலை பார்க்கும் இடத்தில் இந்த வித்தியாசம் காதில் விழுந்தாக வேண்டும்.

இந்தச் சோதனை பொருள் நேராகத் தெரியும் சொற்களுக்குத்தான். 'கிவ் இட் அப்', 'புட் இட் ஆஃப்' மாதிரிப் பொருள் உள்ளே ஒளிந்திருப்பவற்றுக்கு இது உதவாது. அங்கே 'இட்' சேர்த்துப் படிப்பதுதான் வழி. காய்ச்சலிலிருந்து மீள்வதற்கு 'கெட் ஓவர் இட்' என்பதையும் அப்படித்தான் காதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

---

உப்பனாறு (சீர்காழி) எழுதியது:

ஒரு சந்தேகம். நாங்கள் இங்கே இ-சேவை மையம் நடத்துகிறோம். ஃபார்மை நிரப்பு என்பதற்கு எல்லோரும் 'ஃபில் அப்' என்கிறார்கள். ஒரு வெப்சைட்டில் 'ஃபில் இன்', இன்னொன்றில் 'ஃபில் அவுட்' என்று இருக்கிறது. எதை எழுதுவது?

---

ஐயாறு டீச்சர் எழுதியது:

பிரிட்டனில் பெரும்பாலும் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. நம் நாட்டு ஆபீஸ்களில் 'ஃபில் அப்' ஊறிப்போய்விட்டது, இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. வெளிநாட்டுக்குப் போகிற காகிதம் என்றால் 'ஃபில் இன்' எழுதுங்கள், எங்கேயும் செல்லும். மூன்றிலும் 'இட்' நடுவில்தான்: 'ஃபில் இட் இன்', 'ஃபில் இட் அவுட்', 'ஃபில் இட் அப்'.

'கோப் அப் வித்' என்று நம்மவர்கள் எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். அதில் 'அப்' வேண்டாம், 'கோப் வித் இட்' போதும். 'கீப் அப் வித்' பக்கத்தில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்த 'அப்' அது.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

டீச்சர், எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உங்கள் பதிலை ஆபரேட்டர் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். 'ஆஃப் பண்ணு' விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 'ஃபார் பண்ணு' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

இன்று காலை சார்ட்டரில் ஏர் பிரஷர் குறைந்து எச்சரிக்கை வந்தது. அனுப்புவதற்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். 'தி அலாரம் வென்ட் ஆஃப். வி ஸ்விட்ச்ட் தி மெஷின் ஆஃப். வி டுக் அவுட் தி ஏர் ஃபில்டர் அண்ட் க்ளீன்ட் இட். ப்ளீஸ் லுக் இன்டு இட் அண்ட் கால் அஸ் பேக்.' 'லுக் இன்டு' முதல் கூட்டம், 'கால் பேக்' இரண்டாவது என்று பிரித்தேன். ஃபில்டர் மறுபடி மாட்டியதை எழுத வேண்டும், அது மட்டும் நிற்கிறது.

---

ஐயாறு டீச்சர் எழுதியது:

எல்லாம் சரி அம்மா. 'வென்ட் ஆஃப்' கவனித்தீர்களா, மெஷின் 'ஆஃப்' ஆனால் நின்றுபோகும், அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அடிக்கத் தொடங்கும். நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள்.

ஃபில்டர் பற்றி முந்தின வரியிலேயே சொல்லிவிட்டதால் இனி அது 'இட்'தான். 'க்ளீன்ட் இட்' என்பதற்குப் பிறகு 'அண்ட் புட் இட் பேக் இன்' என்று சேர்த்து விடுங்கள். சின்னச் சொல் இரண்டு இருந்தாலும் இங்கே 'இட்' அவற்றுக்கு முன்னால் வரும். 'பேக்', 'இன்' இரண்டுமே வினைப் பக்கம் சேர்ந்தவை, 'ரன் அவுட் ஆஃப்' மாதிரி கடைசியில் ப்ரெப்பொசிஷன் இல்லை.

அப்புறம், பிரஷர் எவ்வளவு காட்டியது என்ற அளவையும் அதில் எழுதிவிடுங்கள். அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.